மனநோய் மருந்துகள்: அவை செய்வதும் செய்யாததும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் பங்குத் தொகை மட்டுமன்று. அங்கத்தினர்களின் கையும் கண்ணும் தெளிந்த சித்தமுமே அதன் முதன்மையான மூலதனமாகும். தறி பழுதானால் செப்பனிடுகிறோம்; கிணறு வற்றினால் கடன் பெற்று ஆழப்படுத்துகிறோம். அங்கத்தினர் ஒருவரின் சித்தம் கலங்கும்பொழுது மட்டும் நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். வெட்கம் ஒரு காரணம். அறியாமை மற்றொரு காரணம். வெட்கத்தை ஒரே நாளில் நீக்க இயலாது. அறியாமையை நீக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நெசவாளர் சங்கங்களையும் வேளாண்மைக் கடன் சங்கங்களையும் தணிக்கை செய்யச் செல்லும்பொழுது, கணக்கேடுகளே சில குடும்பங்களின் துயரத்தை நமக்குச் சொல்லிவிடுகின்றன. மாதந்தவறாமல் சேலை ஒப்படைத்து வந்தவரின் பெயருக்கு நேரே நான்கு மாதம் ஒன்றுமில்லை. தவணை தவறாத விவசாயி திடீரென்று தவணை கடந்த கடன்தாரர் ஆகிறார். விசாரித்தால், "அவருக்குப் புத்தி சரியில்லை ஐயா" என்று தாழ்ந்த குரலில் விடை வருகிறது. "மருந்து சாப்பிடுகிறாரா?" என்றால், "சாப்பிட்டார், கை நடுங்கியது, விட்டுவிட்டார்" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் மறுமொழி. இந்த மறுமொழிக்குள் ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன. ஆகவே இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன, என்ன தொல்லை தருகின்றன, அத்தொல்லைக்கு என்ன பரிகாரம் என்பவற்றை முறையாக அறிந்துகொள்வோம்.

நோய் யாது?

மனநோய்கள் பல வகைப்படும். கவலை, சோர்வு முதலியன ஒரு வகை. இங்கே நாம் பேசப்போவது, மெய்யையும் பொய்த்தோற்றத்தையும் பிரித்தறியும் ஆற்றல் குலைந்துபோகும் கடும் நோய்களைப் பற்றியே. அவற்றுள் முக்கியமானது மனச்சிதைவு நோய். இந்நோய் கண்டவர்க்கு ஒருவரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்கும். அண்டை வீட்டார் தமக்கு எதிராகச் சதி செய்வதாகவும், உணவில் நஞ்சு கலந்திருப்பதாகவும் தோன்றும். பேச்சு தொடர்பறும். இவை வெளிப்படையான குறிகள். வெளிக்குத் தெரியாத குறிகளும் உண்டு: எதிலும் நாட்டமின்மை, குளிக்கவும் தலைவாரவும் மனமின்மை, வேலையில் முனைப்பின்மை, மூலையில் ஒடுங்கி இருத்தல். பின்னவற்றை ஊரார் சோம்பல் என்று பழிப்பர். அது சோம்பலன்று, நோயின் கூறே ஆகும்.

பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே இந்நோய் தொடங்குகிறது. உலகத்தில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உள்ளதென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அப்படியாயின் ஆயிரம் குடும்பங்களைக் கொண்ட எந்த ஊரிலும் இத்தகையோர் சிலர் இருப்பர் என்பது திண்ணம். 2015-16ஆம் ஆண்டில் நடந்த தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாக விசாரித்தது. சித்தக் கலக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் சிகிச்சை பெறாமலே இருந்ததாக அது கண்டது. பேய், செய்வினை, குலதெய்வக் குற்றம் என்று அலைந்து, நகையையும் நிலத்தையும் அடகு வைத்த பின்னர் ஆஸ்பத்திரிக்கு வருவோரே மிகுதி.

சாயத் தொட்டியிலிருந்து ஒரு மருந்து, நம் நாட்டு வேரிலிருந்து ஒரு மருந்து

1950க்கு முன்னர் இந்நோய்க்கு உரிய மருந்தென்று ஒன்றும் மேனாட்டு வைத்தியத்தில் இல்லை. அடைத்து வைத்தலும், மயக்க மருந்து கொடுத்து உறங்க வைத்தலுமே பெரும்பாலும் நடந்தன. பின்னர் வந்த இரண்டு மருந்துகளின் வரலாறு நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் தனித்த சுவையுடையது.

முதலாவது, சாயத்தின் வழி வந்தது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்ற ரசாயன அறிஞர் பருத்திக்கு ஏற்ற ஒரு நீலச் சாயத்தை உண்டாக்கினார். மெத்திலீன் நீலம் என்பது அதன் பெயர். அச்சாயத்தின் அமைப்பை ஆராய்ந்த பெர்ண்ட்சன் என்பவர் 1883இல் அதன் அடிப்படைப் பொருளாகிய பீனோதயசீனைத் தயாரித்தார். அப்பொருளின் வழித்தோன்றல்களை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு மருந்துக் கம்பெனி ஒன்றில், 1950 டிசம்பரில் பால் சார்ப்பான்டியே என்பவர் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை உருவாக்கினார். அறுவைச் சிகிச்சையின்போது உடல் அதிர்ச்சியைத் தணிப்பதற்காக ராணுவ மருத்துவர் லபோரி இதைப் பயன்படுத்தினார். நோயாளிகள் மயங்கிவிடாமல், விழித்த நிலையிலேயே அமைதியுற்றதை அவர் கவனித்தார். 1952இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டெலே, பியேர் டெனிக்கர் ஆகிய இருவரும் மனநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பயனைக் கண்டனர். தறிக்கூடத்தின் சாயத் தொட்டிக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்கும் இத்தகைய உறவு உண்டென்பது வியப்பன்றோ!

இரண்டாவது, நம் மண்ணின் செடி. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர் நெடுங்காலமாக நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கி வந்தது. பீகாரில் அதைப் பைத்தியத்துக்கான மருந்தென்றே பெயரிட்டு விற்றனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள், இவ்வேர் சித்தப் பிரமையையும் ரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் இவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகள் உலகெங்கும் மனநோய்க்கு அது வழங்கப்பட்டது. ரத்த அழுத்தம் மிகவும் தாழ்தல் முதலிய தொல்லைகள் காரணமாகப் பின்னர் மனநோய் வைத்தியத்தில் அது கைவிடப்பட்டது. எனினும் அறிவுலகுக்கு அது செய்த உதவி பெரிது. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் ரிசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்று விழுந்தன. மூளையில் டோபமின் என்னும் பொருளாக மாறக்கூடிய மற்றொரு மருந்தைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. டோபமின் மூளையில் செய்தி சுமக்கும் பொருள் என்பது இவ்வாறு புலனாயிற்று. இதற்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சர்ப்பகந்தி வேர் திறந்த கதவு என்று இதைச் சொல்லலாம்.

மருந்து வேலை செய்யும் விதம்

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. தறியில் நாடா ஒரு பக்கத்துப் பெட்டியிலிருந்து மறு பக்கத்துப் பெட்டிக்கு ஊடையைக் கொண்டு செல்வது போல, டோபமின் அவ்விடைவெளியைக் கடந்து செய்தியைக் கொண்டு செல்கிறது. அது சென்று பொருந்துவதற்கென அடுத்த அணுவில் ஏற்பிகள் உள்ளன. மனநோய் மருந்து அவ்வேற்பிகளில் தான் சென்று அமர்ந்துகொள்கிறது. நாடா புகவேண்டிய பெட்டியில் வேறொரு கட்டை இருந்தால் நாடா உள்ளே புக இயலாதல்லவா? அவ்வாறே டோபமினின் செய்தி குறைகிறது.

செய்தி குறைவதால் நோய் ஏன் தணிய வேண்டும்? விவசாயிகள் அறிந்த ஓர் உவமையால் விளக்குவோம். ஏரி மதகிலிருந்து நான்கு வாய்க்கால்கள் பிரிவதாகக் கொள்வோம். மூளையில் டோபமின் பாயும் முக்கிய வழிகளும் நான்கு.

முதல் வாய்க்கால், எது முக்கியம், எது முக்கியமன்று என்று நமக்கு உணர்த்தும் பகுதிக்குச் செல்வது. நோயின் காலத்தில் இதில் வெள்ளம் புரள்கிறது. அதனால் அற்ப நிகழ்ச்சியும் பெரும் பொருளுடையதாய்த் தோன்றுகிறது. எதிர் வீட்டார் இருமினால் அது ஒரு சைகை. தெருவில் மோட்டார் வண்டி நின்றால் அது தம்மைப் பிடிக்க வந்தது. இரண்டாம் வாய்க்கால் கைகால் அசைவை ஒழுங்கு செய்யும் பகுதிக்குச் செல்வது. மூன்றாவது, ஊக்கமும் திட்டமிடும் திறனும் உறையும் முன்மூளைக்குச் செல்வது. இந்நோயில் இங்கே நீர் முன்னமே குறைவு என்று கருதப்படுகிறது. நான்காவது, தாய்ப்பால் சுரப்பிக்கும் நீரை அடக்கி வைக்கும் சுரப்பிக்குச் செல்வது.

வெள்ளம் முதல் வாய்க்காலில் மட்டுமே. ஆனால் மருந்தோ மதகுப் பலகையையே இறக்குகிறது. நான்கிலும் நீர் குறைகிறது. முதல் கழனி மூழ்காமல் தப்புகிறது. இரண்டாவது காய்ந்தால் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது. மூன்றாவது இன்னும் காய்ந்தால் ஊக்கம் குன்றுகிறது. நான்காவது காய்ந்தால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, பால் சுரக்கவும் கூடும். மருந்தின் நன்மையும் தொல்லையும் ஒரே மதகிலிருந்து வருவன என்பதே இப்பாடத்தின் மையக் கருத்து. இதை உணர்ந்தவர் தொல்லை கண்டு மருந்தை வெறுக்கவும் மாட்டார். மருந்து நல்லது என்பதற்காகத் தொல்லையை மறைக்கவும் மாட்டார்.

அளவுக்கும் இங்கே இலக்கணம் உண்டு. ஏற்பிகளில் நூற்றுக்கு 65 அளவில் மருந்து அமர்ந்தால் பெரும்பாலோர்க்கு நோய் தணிகிறது. 80ஐத் தாண்டினால் நடுக்கமும் விறைப்பும் தலைகாட்டுகின்றன. இடையிலுள்ள வழி குறுகியது. ஆகவேதான் மருத்துவர் சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார். "சீக்கிரம் குணமாகட்டும்" என்று வீட்டார் தாமே இரு மாத்திரை கொடுத்தால் நோய் விரைந்து தணியாது. தொல்லையே விரைந்து வரும்.

குளோர்புரோமசீன், ஹாலோபெரிடால், டிரைபுளுவோபெரசீன் ஆகியவை பழைய மருந்துகள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குயட்டியாபின், குளோசபின் முதலியன பின் வந்தவை. இவை டோபமினோடு செரட்டோனின் என்னும் மற்றொரு பொருளின் மீதும் செயல்படுவதால், நடுக்கம் பொதுவாகக் குறைவு. ஆனால் உடல் எடையும் சர்க்கரையும் ஏறும் அபாயம் இவற்றுட் சிலவற்றில் மிகுதி. டோபமின் ஏற்பியைத் தொடாமல் வேறு வழியில் வேலை செய்யும் முதல் மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது.

பயன் எவ்வளவு?

மருந்து தொடங்கிய சில நாட்களில் பதற்றமும் உறக்கமின்மையும் குறையும். குரல்களும் சந்தேகமும் தணிவதற்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்துவது, நாற்று நட்ட பத்தாம் நாள் கதிர் தேடுவதை ஒக்கும்.

குணமடைந்த பின்னும் மருந்தைத் தொடர வேண்டும் என்பது ஏன்? 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் நடந்த 65 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களுள் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 64 பேருக்கு. மருந்து முழுக்காப்பு அன்று என்பதையும், மருந்தின்றி இருப்பது பேராபத்து என்பதையும் இவ்விரண்டு எண்களும் ஒருங்கே காட்டுகின்றன.

மருந்து செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். குரலை அடக்கும் மாத்திரை, ஊக்கத்தைத் தானே கொண்டு வந்து தராது. விட்டுப்போன தொழிற்பழக்கத்தையும், அறுந்த உறவையும், இழந்த நம்பிக்கையையும் மனிதர்களே மீட்டுத்தர வேண்டும்.

நம் தமிழகமே இதற்குச் சான்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961இல் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், அடைத்து வைக்கும் இடமாக இருந்த அதனை வைத்தியம் செய்யும் இடமாக்கப் பாடுபட்டார். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 2021 டிசம்பரில் தமது 98ஆம் வயதில் காலமாகும் வரை இத்துறையை அவர் மறக்கவில்லை. சென்னையில் 1981 முதல் 90 நோயாளிகளை நோயின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்ததில், அவர்களிற் பலர் வேலை பார்த்தும் இல்லறம் நடத்தியும் வாழ்ந்தது தெரிந்தது. மேலும், 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும். மற்றொரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று மருந்து, குடும்பம், தொழில் ஆகியன பற்றித் துணை நின்றனர். பின்னவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறினர். அப்போது நம் அண்டை மாவட்டமாக இருந்த காஞ்சிபுரத்தின் கிராமப்புறத்தில் அப்பயன் தெளிவாகத் தெரிந்தது.

மருந்தினால் வரும் தொல்லைகளும் பரிகாரமும்

இவற்றை அங்கத்தினர்கள் தெளிவாக நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, திடீர் முறுக்கு. மருந்து தொடங்கிய ஓரிரு நாட்களில், சிறப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நாக்கு வெளியே தள்ளும். கண்கள் மேலே சொருகும். காண்போர் பேய் பிடித்து முறுக்குவதாக அஞ்சுவர். இது மருந்தின் விளைவே. உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்றால் ஓர் ஊசியில் சிறிது நேரத்தில் தணியும்.

இரண்டாவது, இருப்புக்கொள்ளாமை. உட்கார்ந்தால் எழத் தோன்றும். நின்றால் நடக்கத் தோன்றும். நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மருந்தை மேலும் கூட்டினால் இத்தொல்லை பெருகும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மாற்று மருந்து தருவார்.

மூன்றாவது, நடுக்கமும் விறைப்பும். இது சில வாரங்களில் தோன்றும். அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, டிரைஹெக்ஸிபெனிடில் போன்ற துணை மாத்திரை கொடுத்தோ இதைச் சரிசெய்வர்.

நான்காவது, பல ஆண்டுகள் உட்கொண்ட பின் சிலருக்கு வாயும் நாக்கும் தாமே மென்றுகொண்டிருப்பது போல அசையும். இது எளிதில் தீராததாகையால், தொடக்கத்திலேயே கண்டு சொல்லுதல் அவசியம்.

ஐந்தாவது, எடையும் சர்க்கரையும். ஒலான்சபின், குளோசபின் முதலியன பசியைத் தூண்டும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் சோதித்து வருதல் வேண்டும். குளோசபின் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய்க்குச் சிறந்தது. ஆயினும் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடுமாகையால், முதல் மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை தவறலாகாது.

ஆறாவது, பெண்களுக்குரியது. மாதவிலக்கு நின்றால் கருத்தரித்ததாக எண்ணி மகிழ்ந்து, மருந்தையும் நிறுத்தி, பின்னர் இரு வகையிலும் துயருற்ற குடும்பத்தை நாம் அறிவோம். முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே கருவுற்றிருப்பினும் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கலக்க வேண்டும்.

ஏழாவது, வெயில். இம்மருந்துகளிற் பல, உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. கத்திரி வெயிலில் நிலக்கடலை பறிக்கும் ஒருவர் மற்றவரைவிட விரைவில் மயங்கி விழக்கூடும். காலையிலும் மாலையிலும் வேலை, போதிய நீர், தலைக்குத் துணி ஆகியன வேண்டும். உறக்கம் தரும் மருந்தை இரவில் உட்கொள்ளலாமா என்று கேட்டறிய வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு விசைத்தறி அருகிலோ கரும்பு ஆலை அருகிலோ நிற்றல் ஆகாது. மது கூடாது. பீடி புகைப்பவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகை சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான குறி ஒன்று உண்டு. கடும் காய்ச்சல், உடல் முழுதும் மரக்கட்டை போன்ற விறைப்பு, நினைவு தடுமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு நாழிகையும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். இது அரிதாக வருவது. ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது.

ஒரு தறி நின்றதும் ஓடியதும்

திண்டிவனம் பக்கத்தில் ஒரு நெசவாளர். குழித்தறியில் நுண்ணிய கரைச் சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். முப்பதாவது வயதில் நோய் கண்டது. ஊசியும் மாத்திரையும் பெற்றுக் குரல்கள் அடங்கின. ஆனால் கைவிரல்கள் விறைத்தன. அறுந்த இழையைப் பிணைக்க முன்பு இமைப்பொழுது போதும். இப்போது விரல் இழையைத் தேடித் தடுமாறியது. நாடா எறியும் கை தாளம் தப்பியது. வாரக் கூலி பாதியாயிற்று. மாத்திரையை வாயில் போடுவது போலக் காட்டித் தறிக்குழியில் எறிந்துவந்தார். முதல் மாதத்தில் கை நன்றாக ஓடியது. அவருக்கும் மகிழ்ச்சி, மனைவிக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் மாதத்தில், சங்கம் கொடுத்த பாவில் நஞ்சு தடவியிருப்பதாகச் சொல்லிப் பாவையே அறுத்தெறிந்தார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நூல் நட்டத்தை அவரிடம் வசூலித்து உறுப்பினர் பதவியினின்றும் நீக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அவருடைய தாயார் கூட்டத்துக்கு வந்து, "என் பிள்ளை திருடவில்லை ஐயா, அவன் கை வரவில்லை என்று யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டான்" என்றார். முதிய இயக்குநர் ஒருவர் எழுந்து, "தறி பழுதென்றால் மூன்று மாதம் தவணை தருகிறோமே, அம்மா. இதற்கும் தருவோம்" என்றார். தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டது. மறுவாரம் இயக்குநரே உடன் சென்று, கை விறைப்பையும் மாத்திரையை எறிந்ததையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் செய்தார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "நெசவுத் தொழில் என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்து பார்த்திருப்பேனே" என்றார். மருந்து மாறியது, அளவு குறைந்தது. ஐந்தாம் மாதம் சங்கம் அவருக்குக் கரையில்லாத சாதாரணச் சேலைக்குரிய பாவைக் கொடுத்தது. இன்று முன்பு நெய்ததில் முக்கால் பங்கு நெய்கிறார். உடம்பு சற்றுப் பெருத்துவிட்டது என்பது அவர் குறை; மாலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். நூல் நட்டம் சிறு தவணைகளில் தீர்ந்துவருகிறது.

இந்நிகழ்ச்சியில் அவர் மருந்தை எறிந்ததற்குக் காரணம் பிடிவாதமன்று, கூலி. தொல்லையைச் சொல்ல ஓர் இடமும், சொன்னதைக் கேட்க ஒரு காதும் கிடைத்தவுடன் வழி பிறந்தது.

மருந்தை நிறுத்தலாமா?

சிலருக்கு நிறுத்தலாம், சிலருக்கு நெடுங்காலம் வேண்டும். முதன்முறை நோயுற்றுத் தேறியவர்க்குக் குறைந்தது ஓரிரண்டு ஆண்டுகள் தொடர்வது பொது வழக்கம். மீண்டும் மீண்டும் வந்தவர்க்கு அதனினும் நீண்ட காலம். எப்போதாயினும் அளவை மெல்ல மெல்லக் குறைப்பதே முறை. திடீரென நிறுத்தினால் உறக்கம் கெட்டு, நோயும் வேகமாகத் திரும்பலாம். இம்மருந்துகள் சாராயம் போல அடிமைப்படுத்துவன அல்ல. நாள்தோறும் விழுங்க மறப்பவர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தும் உண்டு.

சங்கிலி சிகிச்சை ஆகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடித்தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டிக்கு அருகே உரிமமின்றி நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது. அரசின் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமையையும் வழங்குகிறது. காப்பகத்தில் சேர்க்குமுன் அதற்குப் பதிவு உண்டா என்று கேட்பது குடும்பத்தின் கடமை.

சங்கம் செய்யத்தக்கவை

திருக்குறளில் மருந்துக்கென ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பேணுபவரையும் வைத்தியத்தின் நான்காம் உறுப்பாக வள்ளுவர் எண்ணியுள்ளார். அந்த நான்காம் இடம் குடும்பத்துக்கு உரியது. குடும்பம் தளரும்போது சங்கத்துக்கும் உரியது. சங்கம் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை பின்வருமாறு:

1. இரண்டு மாதம் தொடர்ந்து வேலை ஒப்படைக்காத அல்லது தவணை தவறிய அங்கத்தினருக்கு நோட்டீஸ் அனுப்புமுன், ஒரு நிர்வாகி நேரில் சென்று காணலாம்.

2. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ முதன்முறை செல்லும்போது ஒருவர் துணை செல்லலாம். திண்டிவனத்தார் தங்கள் அரசு மருத்துவமனையிலேயே மாவட்ட மனநலத் திட்டம் பற்றி விசாரிக்கலாம். அடிப்படையான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொலைபேசியில் ஆலோசனை பெற 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் உள்ளது.

3. மருத்துவரிடம் தொழிலைத் தவறாமல் சொல்லச் செய்யலாம்: தறியா, வயலா, எத்தனை மணிக்கு வேலை தொடக்கம், வெயிலில் எவ்வளவு நேரம் என்பன.

4. தேறி வருபவருக்கு எளிய பாவு, குறைந்த அளவு, நீண்ட கெடு என்ற முறையில் வேலை கொடுக்கலாம். தர்மமாகக் கொடுக்கும் பணத்தைவிடக் கூலியாகப் பெறும் பணம் மனத்தை விரைவில் நிமிர்த்தும்.

5. நாட்பட்ட மனநோய், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கண்ட 21 வகைகளில் ஒன்று. உரிய சான்றிதழ் பெற எழுத்துதவி செய்யலாம்.

6. "பைத்தியம்" என்ற சொல்லைச் சங்கக் கட்டிடத்துக்குள் விலக்கலாம். இதற்குத் தீர்மானமும் வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்குரிய கேள்விகள்

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைப் பேசித் தெளிக:

(அ) ஒரே மருந்து நோயைத் தணிக்கவும் கையை நடுங்கச் செய்யவும் காரணம் யாது? மதகு உவமையால் விளக்குக.

(ஆ) திடீர்க் கழுத்து முறுக்கு, இருப்புக்கொள்ளாமை, விறைப்போடு கூடிய கடுங்காய்ச்சல் ஆகிய ஒவ்வொன்றிலும் வீட்டார் செய்ய வேண்டுவது என்ன?

(இ) நம் சங்கத்தில் உடல்நோய்க்காகத் தவணை நீட்டிய சந்தர்ப்பங்கள் எத்தனை? மனநோய்க்காக நீட்டியது எத்தனை? வேறுபாடு இருப்பின் ஏன்?

(ஈ) நம் ஊரில் மருந்தை நிறுத்திவிட்ட குடும்பத்தை முதலில் சென்று காணத் தகுதியானவர் யார்? எந்நாளில் செல்வது?

நான்காம் கேள்விக்கு விடையாக ஒரு பெயரும் ஒரு தேதியும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பெற வேண்டும். நோயாளியின் பெயர் அதில் இடம்பெற வேண்டா.